பழைய காமிராவும் பதினைந்தாயிரம் ரூபாயும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டைத் தெருக்களுக்குள் புகுந்தபோது எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த மூன்று போட்டோ ஆல்பங்களும் ஊறிக் கூழாகிவிட்டன. என் மாமனார் உயிரைப் போல வைத்திருந்த அக்பா காமிராவும் அதே தட்டில்தான் இருந்தது. நீர் வடிந்த பிறகு பார்த்தால் அதற்குள்ளிருந்து சேறுதான் வந்தது. பிஸ்கட் டப்பா மட்டும் பரணில் இருந்த புண்ணியத்தால் தப்பியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்று யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டைக் கழுவுவதற்கே பத்து நாள் ஆயிற்று. டப்பாவைப் பற்றி யாருக்குக் கவலை?

போன வருஷம் பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது என் மகள் அதைக் கீழே இறக்கினாள். உள்ளே மெல்லிய உறைகளில் நெகடிவ்கள். இப்போது நாம் பார்த்துப் பழகிய சின்னச் சுருள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கடலை உருண்டைப் பொட்டலத்தின் அகலத்துக்குச் சதுரமாக இருந்தது. ஜன்னலுக்கு நேரே ஒன்றைத் தூக்கிப் பிடித்தவள், "அம்மா, இங்கே வாயேன்! பாட்டி!" என்று கத்தினாள்.

1974-இல் மெரீனாவில் எடுத்த படம். என் மாமியாருக்கு அப்போது இருபத்தேழு வயது. செல்போனில் அந்த நெகடிவைப் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கி, பெரிதாக்கிக் காட்டினாள் பெண். புடைவைக் கரையில் கட்டம் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது. என் மாமியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு அவர் சொன்ன வார்த்தை எங்களைச் சிரிக்கவும் வைத்தது, ஒரு மாதிரி செய்யவும் வைத்தது.

"இந்த மாதிரி இப்போது ஒன்று எடுத்து வையுங்கள். நான் போன பிறகு சுவரில் மாட்ட வேண்டாமா? ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிசு பண்ணி மாட்டி விடுவீர்கள். அதில் நான் திருடி மாதிரி முழிக்கிறேன்!"

அன்றைக்குப் பிடித்தது என் பெண்ணுக்குப் பைத்தியம். அவள் காட்சித் தொடர்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "அதே மாதிரிப் பெரிய பிலிம் போடுகிற காமிரா வாங்கி, பாட்டியை அதில்தான் எடுக்கப் போகிறேன்" என்றாள். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஒரு வருஷமாகச் சேர்த்த பணம் ரூ. 15,000 அவளிடம் இருந்தது. "செல்போனில் எடுத்தால் காசா, பணமா?" என்றார் என் கணவர். வீட்டுக் கணக்குப் பார்க்கிறவள் நான். எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் பணம் அவளுடையது. அதோடு ரேஷன் கார்டுப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காமிராவைத் தேடி நாங்கள் அலைந்த கதையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரயோசனமான சமாசாரம் கொஞ்சம் இருக்கிறது. பழைய பிலிம் காமிரா மோகம் இப்போது கல்லூரிப் பிள்ளைகளிடம் பரவி வருகிறது. நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெரிய பிலிம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இதற்கு 120-ஆம் நம்பர் பிலிம் என்று பெயர். 1901-இல் கோடக் கம்பெனி தன் பெட்டிக் காமிராவுக்காகக் கொண்டு வந்தது. இன்றைக்கும் அதே அளவில் தயாராகிறது. பாட்டி காலத்து அளவு பேத்தி காலத்துக்கும் செல்லுகிற பொருள் உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்! சுமார் ஆறு சென்டிமீட்டர் அகலம். முதுகில் ஒரு கறுப்புக் காகிதம்; அந்தக் காகிதத்தில் நம்பர்கள் அச்சிட்டிருக்கும். கலியாண வீடுகளில் பின்னாளில் புழங்கிய 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர்தான். இதில் சதுரப் படம் 56-க்கு 56. பெருக்கிப் பாருங்கள், மூன்றரை மடங்குக்கு மேல் இடம். இடம் பெரிசு என்றால் பெரிதாக்கும்போது முகம் பொரிந்து போகாது. சாதாரண லென்ஸ் போட்ட காமிராவில்கூட என் மாமியாரின் புடைவைக் கரை விழுந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒரு சுருளில் சதுரப் படமானால் பன்னிரண்டுதான் எடுக்கலாம். நீளப்படமானால் எட்டு. செல்போனில் ஒரு நிமிஷத்தில் நாற்பது படம் தட்டுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை. அல்லது பெரிய படிப்பு.

சரி, காமிராவுக்கு வருவோம். என் பெண் ஆர்வக் கோளாறில் எங்களைக் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டாள். துருத்தி வைத்து மடக்குகிற பழைய காமிரா ஒன்றை, இணையத்தில் படத்தைப் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவரிடம் ரூ. 3,500 அனுப்பி வாங்கிவிட்டாள். "நல்ல கண்டிஷன்" என்று அவர் போனில் சொன்னாராம். பார்சல் வந்தது. பளபளவென்றுதான் இருந்தது. கடையில் ஒரு பிலிம் சுருள் வாங்கி வந்து போட்டுப் பார்த்தால் உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது! எப்படித் திருப்பினாலும் இடிக்கிறது.

விஷயம் என்னவென்றால் அது 620-ஆம் நம்பர் காமிரா. 1930-களில் அதே கோடக் கம்பெனி, அதே பிலிமை இன்னும் மெலிந்த கட்டையில் சுற்றி, 620 என்று புது நம்பர் கொடுத்து விற்றது. பிலிம் ஒன்று, கட்டை வேறு. 1995-இல் அதை நிறுத்தியும் விட்டது. ஆகவே இன்றைக்கு 620 காமிரா வாங்கினால், இருட்டில் 120 பிலிமைப் பிரித்து அந்த மெலிந்த கட்டையில் மறுபடி சுற்றிப் போட வேண்டும். முடியாத காரியம் இல்லை, செய்கிறவர்கள் செய்கிறார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு இது தேவையா? வாங்குவதற்கு முன்னால், "என்ன நம்பர் பிலிம்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். அந்த மனிதர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

என் பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அழுததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "மிச்சப் பணத்தை உன்னிடமே கொடுத்துவிடுகிறேன், சீட்டில் போட்டுவிடு, எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் கேழ்வரகு அடையை முடித்துக்கொண்டு இருவருமாகக் கிளம்பினோம்.

அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மரப்படி ஏறிப் போனால், காமிரா ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்த அறையில் உட்கார இடம் இல்லை. எல்லா நாற்காலியிலும் காமிராக்கள் உட்கார்ந்திருந்தன. எங்கள் துருத்திக் காமிராவைக் கையில் வாங்கியதும் விளக்கை அணைத்தார். துருத்தியை விரித்து, உள்ளே ஒரு சின்ன டார்ச்சை வைத்தார். அமாவாசை வானத்தில் நட்சத்திரம் போல மடிப்பு மூலைகளிலெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்!

"பாப்பா, இதிலே படம் எடுத்தா படத்திலேயும் இவ்வளவு நட்சத்திரம் வரும்" என்றார். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"இப்போ கையிலே எவ்வளவு வெச்சிருக்கே?"

"பதினோராயிரத்து ஐந்நூறு, ஐயா."

"அதிலே மூவாயிரத்தை அம்மா கையிலே குடுத்துடு. அது பிலிமுக்கு. காமிரா வாங்கறவங்க எல்லாரும் இருக்கிற பணத்தையெல்லாம் காமிராவிலேயே கொட்டிடறாங்க. அப்புறம் பிலிம் வாங்கக் காசு இல்லாம அலமாரியிலே வெச்சு அழகு பார்க்கறாங்க. மிச்சம் எட்டாயிரத்து ஐந்நூறு. அதிலேயும் என் கூலி உண்டு. பழசுன்னா சர்வீஸ் இல்லாம ஓடாது."

மாதச் சாமான் லிஸ்டுப் போடுகிறவளுக்கு இந்தப் பாஷை உடனே புரிந்தது. கிரைண்டர் வாங்கிவிட்டு அரிசி வாங்கக் காசில்லாமல் நின்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

பிலிம் ஏன் இவ்வளவு விலை என்று கேட்கத் தோன்றும். ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் எங்களுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆயிற்று. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு. நம்முடைய ஊட்டியிலேயே ஒரு காலத்தில் பிலிம் தயாரித்தார்கள். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை 1960-இல் ஏற்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம்களை நாடு முழுவதும் அனுப்பியது. பிறகு வர்ணப் பிலிம் வந்தது, டிஜிட்டல் வந்தது, தொழிற்சாலை நொடித்து மூடப்பட்டுவிட்டது. என் மாமனாரின் பிஸ்கட் டப்பாவுக்குள் அந்த 'இந்து' பெட்டியின் காலி அட்டை ஒன்று கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

எட்டாயிரத்து ஐந்நூறுக்கு என்ன காமிரா கிடைக்கும்? பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாவற்றிலும் மலிவு, என் மாமனார் வைத்திருந்தாரே, அந்த அக்பா கிளிக் 3. வடோதராவில் நம் நாட்டிலேயே செய்தது. நடுத்தரக் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டில் அது இருந்தது. கெட்டுப் போவதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெயிலில் குடும்பத்தை நிற்க வைத்துத் தட்டினால் படம் விழும். உங்கள் பரணிலோ, பெரியப்பா வீட்டு அலமாரியிலோ ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். காசு செலவழிப்பதற்கு முன் முதலில் அங்கே தேடுங்கள். முதுகில் சிவப்புக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன் வழியாகத்தான் நம்பர் பார்த்துச் சுற்ற வேண்டும். இந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாது. ஆகவே அந்த ஜன்னலில் கறுப்பு டேப் ஒட்டி, நிழலில் நின்று திறந்து பார்த்து மூடிவிட வேண்டும். ஆனால் பாட்டியை வீட்டுக்குள், கிட்டத்திலிருந்து எடுப்பதற்கு அது ஆகாது. கிட்டத்தில் இருக்கும் முகம் கலங்கிவிடும்.

அடுத்தது ருஷ்யாவின் லூபிடல். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு லென்ஸ். பிளாஸ்டிக் உடம்பு, ஆனால் கண்ணாடி லென்ஸ் நன்றாகவே இருக்கும். சோவியத் காலத்தில் நம் ஊருக்கு வந்தவை இன்னும் கிடைக்கின்றன. ஆனால் பார்க்கும் கண்ணாடியில் நடுவில் ஒரு சின்ன வட்டத்தில்தான் போகஸ் பார்க்க முடியும். கண் நோகும்.

அதற்கு மேலே ஜப்பானின் யாஷிகா. இதில்தான் ஆசை காட்டி மோசம் செய்கிற இடம் இருக்கிறது. யாஷிகா மேட் 124 ஜி என்ற மாடலுக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். 1970 முதல் 1986 வரை செய்தது. கடைசியாக வந்தது, வெளிச்சம் அளக்கும் மீட்டர் உண்டு, அதனால் விலையும் உச்சாணியில். அந்த மீட்டருக்குப் போட வேண்டிய பாதரச பாட்டரி இப்போது விற்பனையிலேயே இல்லை! வேறு பாட்டரி போட்டால் அளவு தப்பும். வேலை செய்யாத மீட்டருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதே கம்பெனியின் யாஷிகா டி, 635, ஏ என்று எளிய மாடல்கள் இருக்கின்றன. மீட்டர் கிடையாது, கைப்பிடியைச் சுழற்றுவதற்குப் பதில் குமிழைத் திருக வேண்டும். படம் என்னவோ அதே சதுரம்தான். வெளிச்சம் அளக்கச் செல்போனிலேயே இலவசமாக வசதி வந்துவிட்டது.

ஜெர்மனியின் ரோலிபிளெக்ஸ்? 1929-இல் வந்த அதுதான் இந்த இரட்டை லென்ஸ் ஜாதிக்கே தாய். நல்ல நிலையில் உள்ளது எங்கள் கணக்கில் வராது. அதைச் சொல்லும்போது பெரியவர் ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிச் சொன்னார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1947 சுதந்திரத்தையும் காந்திஜியின் இறுதி ஊர்வலத்தையும் புடைவை கட்டிக்கொண்டு, கனத்த காமிராக்களைச் சுமந்து போய்ப் படமெடுத்தவர். அவருடைய கையிலும் ரோலிபிளெக்ஸ் இருந்தது. ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளியாயின. கடைசிக் காலத்தில் வடோதராவில் தனியாக வாழ்ந்து, 2011-இல் பத்ம விபூஷண் பெற்று, மறு வருஷம் 98-ஆவது வயதில் காலமானார். என் பெண் இதையெல்லாம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான்.

ஹாஸல்பிளாட், மமியா என்றெல்லாம் சில பெயர்கள் பாக்கி இருந்தன. விலையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவரே போன் செய்தார். முன்பு ஸ்டூடியோ வைத்திருந்து மூடிவிட்ட ஒருவர், வீட்டில் யாஷிகா டி ஒன்றை விற்கிறாராம். "வாங்கச் சொல்லலே, பார்க்கச் சொல்றேன்" என்றார். எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனோம். அந்தக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

முதலில் லென்ஸ். பின்பக்கத்தைத் திறந்து, ஷட்டரைத் திறந்து வைத்து, முன்னால் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி நாலு இருந்தால் பாதகம் இல்லை. சிலந்தி வலை மாதிரிக் கிளை கிளையாக இருந்தால் அது பூசணம். நம் கடற்கரை ஊர்களில் சகஜம். ஓரத்தில் லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். கண்ணாடியையே அரித்திருந்தால் போகாது. எழுந்து வந்துவிட வேண்டும். வெறுங் கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பளிச்சென்றுதான் இருக்கும். டார்ச் இல்லாமல் பழைய காமிரா வாங்கப் போகக்கூடாது. படம் எடுக்கும் லென்ஸ் கீழே இருப்பது. மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு. மேலே சிறிது கீறல் இருந்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து ஷட்டர். ஒரு விநாடி என்று வைத்துத் தட்டி, காதால் கேட்க வேண்டும். பழைய எண்ணெய் பிசினாகிப் போனால் மெதுவான வேகங்கள்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். இந்தக் காமிராவில் ஒரு விநாடிக்கு வைத்தால் 'கிர்ர்ர்' என்று மூன்று விநாடி இழுத்து, நடுவில் ஒரு தடவை நின்றேவிட்டது. நூற்றில் ஒரு பங்கு போன்ற வேகங்கள் ஒழுங்காக ஓடின. தானாகத் தட்டிக்கொள்ளும் விசை ஒன்று இருக்கும். விற்கிறவர் ஓட்டிக் காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லியிருந்தார் பெரியவர். நடு வழியில் நின்றால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு வேண்டிய சாமான் என் சமையலறையிலிருந்து போயிற்று! பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்தால், எதிரில் இருப்பது தலைகீழாக அந்தக் காகிதத்தில் விழும். மேலே பார்க்கிற கண்ணாடியில் எது தெளிவாக இருக்கிறதோ, அதுவே காகிதத்திலும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் யாரோ எப்போதோ பிரித்து மாட்டியதில் லென்ஸ் இடம் மாறியிருக்கிறது. நாங்கள் எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிக் கொடியைப் பார்த்தோம். காகிதத்தில் குட்டி வேட்டி ஒன்று தலைகீழாக ஆடியது. இரண்டிலும் ஒரே மாதிரித் தெளிவு. ஸ்டூடியோக்காரரே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "நாற்பது வருஷம் தொழில் செய்தேன், மளிகைக் கடைக் காகிதத்தில் காமிரா பார்த்ததில்லை" என்றார்.

பார்க்கும் கண்ணாடியின் உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சாய்ந்திருக்கும்; அது மங்கிப் போயிருந்தது. என் பெண் தாவணி முனையால் துடைக்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும். அழுத்தித் துடைத்தால் பூச்சே வழண்டு வந்துவிடும் என்று காகிதத்தில் எழுதியிருந்தது.

அவர் கேட்டது ரூ. 9,000. மெதுவான வேகம் ஓடவில்லை, கண்ணாடி மங்கல், சர்வீஸுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆகும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். இதை மறைக்காமல் எடுத்துச் சொன்னோம். நான் ஆறாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தேன். தி. நகரில் புடைவைக்குப் பேரம் பேசுகிற தொண்டையெல்லாம் இங்கே எடுபடவில்லை. அவர் அந்தக் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "யாருக்காக?" என்று கேட்டார். பெண் பாட்டியையும் ரேஷன் கார்டையும் பற்றிச் சொன்னாள். ஏழாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார். தோல் உறையையும் சேர்த்துத் தந்தார். அதில் காமிராவைப் போட்டு வைக்கக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூசணத்தை வளர்க்கும் என்பது பெரியவர் கட்டளை. இப்போது அது மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு குடியிருக்கிறது.

சர்வீஸ் முடிந்து வந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து, மாலை நாலு மணிக்கு, மேற்கு ஜன்னல் பக்கத்தில் மாமியாரை உட்கார வைத்தோம். செல்போனை நீட்டினால் போதும், அவர் முகம் உடனே ரேஷன் கார்டாக மாறிவிடும். இந்தக் காமிராவில் அந்தத் தொல்லை இல்லை. எடுக்கிறவள் அதை இடுப்பளவில் வைத்துக்கொண்டு, மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேரே ஒன்றும் நீட்டுவதில்லை.

"எதற்கடி என்னைக் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறாய்?" என்றார் மாமியார்.

"ஆடாமல் இரு பாட்டி. நீ வலது பக்கம் திரும்பினால் இதில் இடது பக்கம் போகிறாய்!"

"உங்கள் தாத்தா எடுத்தால் எப்போதும் தலையை வெட்டிவிடுவார். கடற்கரையில் ஒரு படத்தில்தான் முழுசாக இருந்தேன்" என்று சொல்லி அவர் சிரித்தபோது ஒரு 'கிளிக்' கேட்டது. மிக மெல்லிய சத்தம். அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

பிலிமைக் கழுவுகிற காரியமும் வீட்டில்தான் நடந்தது. அதற்கான தொட்டியைக் கல்லூரியில் இரவல் வாங்கி வந்தாள். மருந்துக்கு 20 டிகிரி சூடுதான் இருக்க வேண்டுமாம். எங்கள் குழாயில் வருவதோ வெந்நீர்! மருந்துப் பாத்திரத்தை ஒரு பெரிய பேசினில் வைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டி போட்டு, ஜுரம் பார்ப்பதுபோல் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மருந்துக்குள்ளேயே ஐஸைப் போட்டால் நீர்த்துப் போகும். ஒரு முக்கியமான விஷயம்: இதற்கென்று எடுத்த கிண்ணம், கரண்டி எதுவும் மறுபடி சமையலுக்கு வரக்கூடாது. நான் பழைய ஊறுகாய் ஜாடிகளைக் கொடுத்து, மேலே சிவப்பு மையால் குறி போட்டு, குளியலறைப் பரணுக்கு அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு படத்தில் இரண்டு ஆடிப்போய்விட்டன. இந்தக் காமிராவில் பிலிமைச் சுற்றுவது வேறு, ஷட்டரை ஏற்றுவது வேறு. ஒன்றில் சுற்ற மறந்ததால் மாமியாரின் மடியில் எங்கள் தெருப் பூனை உட்கார்ந்திருக்கிறது. அதையும் அவள் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள். மற்றவை பழுதில்லை. அந்தச் சிரிப்பு விழுந்திருந்தது. முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும், மூக்குத்திக் கல்லில் ஜன்னல் வெளிச்சமும்.

கணக்கை என் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். ஏமாந்தது ரூ. 3,500. காமிரா 7,000. சர்வீஸ் 1,500. இரண்டு சுருளும் மருந்தும் 3,000. ஆகப் பதினைந்தாயிரம், பைசா சுத்தம். பத்து அங்குலச் சதுரத்தில் பிரிண்டு போட்டுச் சட்டம் மாட்டிய செலவு என் கணவருடையது. கேட்காமலே கொடுத்தார். அந்த 620 துருத்திக் காமிரா நவராத்திரிக் கொலுவில் கல்யாண ஊர்வலப் பொம்மைகளுக்கு முன்னால் போட்டோக்காரராக நிற்கிறது.

படத்தை இன்னும் சுவரில் மாட்டவில்லை. மாமியார் அதைத் தம் டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப் புடைவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார். மாட்டலாமா என்று கேட்டால், "இப்போது என்ன அவசரம்?" என்கிறார்.